முப்பத்தெட்டாம் பக்கம்

“ஒரு வார்த்தை ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி இருந்தா உனுக்கு இன்னா ஆவுது கமலா?”

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காவேரி அண்ணி கேட்ட கேள்வி அது. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். அவள் கையில் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அச்சுத்தாள் கட்டு இருந்தது. முந்தின நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கமலாட்சி அதில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருந்தாள். டிசைன் நெய்யும் தறிக்கருவியின் பெயர் ஒரு பக்கத்தில் ‘ஜக்கார்டு’, அடுத்த பக்கத்தில் ‘ஜாக்கார்டு’, நாலு பக்கம் தள்ளி ‘ஜகார்ட்’. ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

 கமலாட்சி அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விட்டாள்.

இப்போது யாராவது அதே கேள்வியைக் கேட்டால் அவளிடம் பதில் இருக்கிறது. கேட்க வேண்டியவள்தான் இன்று எதையும் கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில், அம்மா பட்டம்மாளுக்குக் கால் முறிந்தபோது, ‘ஒரு மாசத்துக்கு மட்டும்’ என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் கமலாட்சி. அந்த ஒரு மாதம் ஏழு வருஷமாக நீண்டுவிட்டது. நாலு பேர் கூடினால் அவள் வாய் திறக்க மாட்டாள். யாராவது பேர் கேட்டால்கூட அம்மாதான் சொல்ல வேண்டும். ஆனால் தார்க்கூடைக்குப் பின்னால் நாலு நோட்டுகள் ஒளித்து வைத்திருந்தாள். வாலாஜாபாத் பஸ்கள் மூன்றில் ஊர்ப் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பது முதல் நோட்டின் முதல் பக்கம். கடைப் பலகை, கோயில் அறிவிப்பு, ரேஷன் கடைக் கரும்பலகை என்று எங்கே எது மாறினாலும் அந்த நோட்டுக்கு வந்துவிடும். ஏன் எழுதுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. எழுதிவிட்டால் மனசு அடங்கும்.

காவேரிக்குக் கிடைத்திருந்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். சின்ன காஞ்சிபுரத்து முரளீதரன், கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைவதற்கு ஒரு சாஃப்ட்வேர் செய்திருந்தார். பெயர் ‘தறித்துணை’. அதை நெசவாளர்கள் படித்துப் பார்த்துப் பழகத் தமிழில் ஒரு கையேடு வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து எழுதினார்கள், மூன்று விதமாக எழுதினார்கள். ஒருவருக்கு ‘கோப்பு’, ஒருவருக்கு ‘ஃபைல்’. ஒருவர் சேர்த்து எழுதியதை இன்னொருவர் பிரித்தார், மூன்றாமவர் நடுவில் கோடு போட்டார். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி, பக்கம் அமைத்து, அச்சுக்குக் கொடுப்பது காவேரியின் பொறுப்பு.

புது மருமகள் வேலைக்குப் போவதில் மாமனார் வேணுகோபாலுக்கு இஷ்டமில்லை. மகன் ஆனந்தகுமார் கெஞ்சியதால் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டபோதே ஒன்று சொல்லிவைத்தார்.

“போயிட்டு வரட்டும். ஆனா ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு என் காதுல வுழுந்துச்சின்னா அன்னியோட நின்னுடணும்.”

“சரிங்க மாமா” என்றாள் காவேரி. அந்த ‘சரி’க்காக ஆடி மாதத்தில் தாய்வீட்டுக்குக்கூடப் போகவில்லை. வாலாஜாபாத்திலிருந்து அவள் அம்மா சீர்த்தட்டோடு அழைக்க வந்து, வந்த வழியே தனியாகத் திரும்பினாள். புஸ்தக வேலை முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள் மகள். ஆடிக்குப் போகாத புதுப்பெண் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் போன வாரம் வரை நடந்தது. இப்போது ஆவணி. இன்று புதன்கிழமை.

காலையிலேயே வேணுகோபால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நெசவாளர் சங்கத்து ஹாலில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கிறது. கையேடும் இன்றுதான் வெளியே வருகிறது. அச்சகத்திலிருந்து கட்டுகள் நேராக ஹாலுக்குப் போய்விட்டதால் வீட்டில் யாரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் முதல் ஆளாக மெஷினில் கை வைக்கப்போகிறவர் வேணுகோபால். அதை முரளீதரன் சாரிடம் சொல்லி ஏற்பாடு செய்தவள் காவேரி.

வேணுகோபால் நெற்றி நிறைய விபூதி பூசுவதைப் பட்டம்மாள் பார்த்தாள்.

“கம்ப்யூட்டருக்கா பரிசம் போடப் போற?”

“நீ சும்மா இருடி. முப்பது வருசமா தறியில உக்காந்தவன். பொட்டி முன்னால தலைகுனியக் கூடாதில்ல?”

காவேரி சிரித்துக்கொண்டே அவர் சட்டைப் பையில் கண்ணாடியை வைத்தாள். “ஒண்ணும் பயம் இல்ல மாமா. புஸ்தகத்தைத் தெறந்தா அட்டைக்கு உள்பக்கமே லிஸ்ட்டு இருக்குது. எந்த வேலை எந்தப் பக்கம்னு போட்டிருக்கோம். நீங்க முந்தி மாத்தறத செஞ்சு காட்டுங்க. முப்பத்தெட்டாம் பக்கம். அங்க இன்னா எழுதியிருக்குதோ அதை வரிவரியா செஞ்சாப் போதும்.”

“முப்பத்தெட்டு” என்று வேணுகோபால் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தெருமுனை திரும்பும் வரை அவர் உதடு அசைந்தது.

காவேரி அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கமலாட்சியின் கன்னத்தில் லேசாகத் தட்டினாள். “புஸ்தகம் வந்தா மொதல்ல கடேசிப் பக்கத்தப் பாரு” என்றாள்.

பதினோரு மணிக்கெல்லாம் அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணி வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரரும் ஹாலுக்குப் போயிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையில் நின்றே சொன்னாள். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக அவள் சொன்னதைப் பட்டம்மாள் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டாள்.

வேணுகோபால் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முரளீதரன் சாரைச் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் பேச வாசலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வேணுகோபால் புத்தகத்தைத் திறந்து, அட்டை உள்பக்கத்தில் விரல் வைத்து, முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போயிருக்கிறார். முதல் வரியை உரக்கப் படித்திருக்கிறார், அப்படியே செய்திருக்கிறார். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ‘நீக்கு’ என்று இருந்ததாம், நீக்கினாராம். ‘ஆம்’ என்று இருந்ததாம், அழுத்தினாராம். பக்கத்திலிருந்தவர் ஏன் மாமா நீக்கறே என்று கேட்டதற்கு, பழைய முந்தியை எடுத்தால்தானே புதியதைக் கோக்க முடியும், தறி தெரிந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று அதட்டவும் செய்தாராம்.

மெஷினில் இருந்தது டிசைன் போடுகிற அர்ஜுனன் வரைந்த யாளிக் கரை. இருபது நாள் வேலை. மொத்தமாகப் போய்விட்டது.

“அர்ஜுனன் அப்படியே தலையில கை வெச்சிக்கினு உக்காந்துட்டாராம்மா. யாரோ ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சிட்டாங்க. மாமா எழுந்து வெளிய வந்துட்டாரு.” கிருஷ்ணவேணி இடுப்பிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். “எங்க வூட்டுக்காரரு கொண்ணாந்தாரு. உம் மருமவ போட்டதுதானே இது?”

பட்டம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் கமலாட்சி கைக்கு வந்தது.

நல்ல வழவழப்பான அட்டை. உள்பக்கத்தில் பட்டியல். முந்தி மாற்றுதல், முப்பத்தெட்டு. கமலாட்சி முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

பக்கத்தின் தலையில் தலைப்பே இல்லை. முதல் வரியே ‘1. திரையில் உள்ள டிசைனைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஆரம்பித்தது. ஒரு பக்கம் முன்னால் திருப்பினாள். முந்தி மாற்றுதல் மொத்தமும் முப்பத்தேழில் இருந்தது. அதன் கடைசி வரியில், இன்னொரு தலைப்பு தனியாக ஒதுங்கி நின்றது. ‘பழைய டிசைனை அழித்தல்.’

எல்லாம் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. எப்படி ஏறியது என்று இந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு மாடியில் அந்த அலுவலகம். அரைநாள் என்பதால் யாரும் இல்லை. காவேரி அச்சகத்துக்குக் காகிதம் பார்க்கப் போக வேண்டியிருந்தது. கரண்ட் போனால் மெஷின் பத்து நிமிஷம்தான் தாங்கும், அதற்குள் அணைக்க வேண்டும், அதைக் கமலாட்சிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தேடுவது, மாற்றுவது எல்லாமே விளையாட்டுப்போலச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“எல்லாம் முடிஞ்சிடுச்சி கமலா. இனிமே ஒரு புள்ளியக்கூடத் தொடக் கூடாது. கரண்ட்டு போனா மட்டும் அணைச்சிடு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றினாலும் முதலில் சீட்டு எழுத வேண்டும். பக்கம், இருந்தது, மாற்றியது, மாற்றியவர் என்று நாலு கட்டம். கையெழுத்துப் போட்டுச் சார் மேஜையில் இருக்கிற டப்பாவில் போட்ட பிறகுதான் மெஷினில் கை வைக்கலாம். கமலாட்சி வீட்டில் கண்டுபிடித்த பிழைகளையும் காவேரி சீட்டில் எழுதித்தான் திருத்தினாள். கமலாட்சி அந்த அலுவலகத்து ஆள் இல்லை என்பதால் எல்லாச் சீட்டிலும் காவேரியின் கையெழுத்து. சார் பாராட்டியதும் காவேரியைத்தான். ஒவ்வொரு முறையும் அவள் வீட்டுக்கு வந்து, உன்னைத்தான் பாராட்டினார் என்று சொல்லுவாள். அப்படிச் சொன்னாலும் கமலாட்சியின் உள்ளே எங்கேயோ ஒரு மரச் சிலும்பு குத்திக்கொண்டுதான் இருந்தது.

ஒரு தடவை அவள் தானே ஒரு சீட்டு எழுதி நோட்டுக்குள் வைத்திருந்ததைக் காவேரி பார்த்துவிட்டாள். “எழுதி நம்மகிட்டயே வெச்சிக்கினா அது சீட்டு இல்ல கமலா. பாக்க வேண்டியவங்க கைக்குப் போவணும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, திரையில் பன்னிரண்டாம் பக்கம் திறந்து கிடந்தது. ‘தேர்ந்-தெடுக்கவும்’ என்று வரியின் நடுவில் ஒரு கோடு. முன்பு அந்தச் சொல் வரியின் கடைசியில் இருந்திருக்கிறது. இடம் போதாமல் பாதியாக உடைத்து, கையால் கோடு போட்டிருக்கிறார்கள். பிறகு திருத்தங்களில் வரி நகர்ந்துவிட்டது. கோடு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

கமலாட்சி அதை எடுத்தாள். ஒன்றே ஒன்று என்றுதான் எடுத்தாள்.

அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து, அவள் நோட்டில் முடிவு செய்து எழுதியிருந்த சொல் ஒன்று பழையபடி பிரிந்து கிடந்தது. பிறகு அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. தேடச் சொன்னாள், எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள் என்று திரை சொன்னது. காற்றில் தறியின் பாவு நூல் அசைவதுபோல வரிகள் ஒரு தரம் அசைந்து நின்றன. என்ன அழகாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு சொல் இரண்டு மாதிரி இல்லை. யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அவளே செய்தது.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இடம் மிச்சமானதும், மிச்சம் சேர்ந்து வரிகள் மேலே ஏறியதும் அவளுக்குத் தோன்றவே இல்லை. பட்டியல் அட்டையோடு சேர்ந்து அதற்குப் பத்து நாள் முன்னாலேயே சிவகாசியில் அச்சாகி வந்துவிட்டது என்பதும் தெரியாது.

காவேரி வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தாள். கமலாட்சி சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தாள். ஆனால் காவேரி அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அச்சகத்தில் ஆள் காத்திருக்கிறது, முடிஞ்சது கமலா, முடிஞ்சது என்று சொல்லிக்கொண்டே ஃப்ளாப்பியில் ஏற்றினாள். சொன்னால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். சீட்டு எங்கே என்று கேட்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று கமலாட்சி நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

“என்னாடி பேய் அடிச்ச மாதிரி நிக்கற? அதுல இன்னா எழுதியிருக்குது?” என்றாள் பட்டம்மாள்.

கமலாட்சிக்குக் காலையில் அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அதைக் காவேரி அச்சகத்தில் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் இருந்ததில்லை. நடுவில் மூன்றே வரிகள்.

நிரல் ஆக்கம்: முரளீதரன்.
பக்க வடிவமைப்பு: காவேரி ஆனந்தகுமார்.
சொற்களைச் சீர்பார்த்தவர்: வே. கமலாட்சி.

அவள் புத்தகத்தை மூடினாள். அம்மாவிடம், ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

 வேணுகோபால் வந்து, வெள்ளைச் சட்டையோடு தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்துகொண்டார். நெய்யவும் இல்லை. பட்டம்மாள் மோர் கொண்டுபோய் வைத்தாள். மோர் அப்படியே இருந்தது.

இரண்டு மணிக்கு ஆனந்தகுமார் காவேரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பட்டுக் கடையில் விற்பனையில் இருப்பவன். சேதி அவன் கடைவரைக்கும் போய்விட்டது. காவேரியின் முகத்தில் அழுத தடம் இல்லை. அதுதான் கமலாட்சிக்குப் பயமாக இருந்தது.

ஆனந்தகுமார்தான் சொன்னான். அறுநூறு புத்தகத்தையும் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார்கள். சார் சத்தம் போடவில்லை. எல்லாச் சீட்டையும் டப்பாவிலிருந்து கொட்டிப் பார்த்தாராம். கடைசித் திருத்தத்துக்கு மட்டும் சீட்டு இல்லை. கூப்பிடுகிற வரைக்கும் வீட்டில் இருங்கள் என்று காவேரியிடம் சொல்லியிருக்கிறார்.

“நான் அன்னிக்கு இன்னா சொன்னேன்?” வேணுகோபால் தறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒரு பேச்சு வுழுந்தா நின்னுடணும்னு சொன்னீங்க மாமா.”

“இன்னிக்கு ஒரு பேச்சா வுழுந்துச்சி? ஹால் நெறைய சிரிச்சாங்கம்மா. நீ முப்பத்தெட்டுன்னே. நான் முப்பத்தெட்டுன்னு போனேன். நீ எழுதனத நம்பித்தான போனேன்?” அவர் குரல் உயரவில்லை. “அர்ஜுனன் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? சாயங்காலம் சாவிய குடுத்து அனுப்பிச்சிடு. போதும்.”

காவேரி தலையாட்டினாள்.

“நைனா, ஒரு நிமிசம்.” ஆனந்தகுமார் மனைவி பக்கம் திரும்பினான். “சாரு மெஷின்ல பாத்தாரு. கடேசியா மாத்தனது சனிக்கெழமை பன்னண்டு பத்துக்கு. அந்த நேரத்துல நீ அச்சகத்துல இருந்தேன்னு எங்கிட்ட சொன்னியே. அவங்ககூட காகிதம் பாத்துக்கினு இருந்தேன்னியே.”

கமலாட்சி தார்க்கூடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். காவேரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால் கமலாட்சி தாங்கியிருப்பாள். அப்படிப் பார்க்கவில்லை. புள்ளி வைத்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அன்று பார்த்தாளே, அதேபோலப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கிறவள்போல. பத்து எண்ணுகிற நேரம் அவளுக்கு இடம் விட்டாள்.

சொல்லு, சொல்லு என்று கமலாட்சியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்தான் நைனா. மூன்றே சொல்கூட இல்லை. அப்பா, அண்ணன், அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்திருக்கிற கிருஷ்ணவேணி. நாலு பேர்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனுக்கு ஞாபகம் இல்லீங்க” என்றாள் காவேரி கணவனிடம். “நான்தான் மாத்தியிருப்பேன். என் தப்புதான்.”

அவள் உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

பட்டம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டு பின்னாலேயே ஓடினாள். இப்போது போகாதே என்று கெஞ்சினாள். ஆடிக்குக் கூப்பிட்டபோது போகாதவள் ஆவணியில் தனியாகப் பெட்டியோடு போனால் தெரு என்ன பேசும், உன் அம்மா என்ன நினைப்பாள், இந்த மனுஷனுக்கு நாளைக்கே கோபம் தணிந்துவிடும் என்று ஏதேதோ சொன்னாள். உள்ளேயிருந்து புடவை மடிக்கிற சரசரப்பு மட்டும் வந்தது. ஆனந்தகுமார் அறை வாசலில் போய் நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல், சைக்கிளில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான்.

கமலாட்சி தார்க்கூடையை நகர்த்தி நாலாவது நோட்டை எடுத்தாள். காவேரி பார்த்துச் சிரித்த அந்தச் சீட்டோடு, எழுதாத சீட்டு ஒன்றும் அடையாளத்துக்கு உள்ளே இருந்தது. பென்சிலை எடுத்தவள் அதைப் போட்டுவிட்டு, அழிக்க முடியாதபடி பேனாவால் எழுதினாள். எழுத்து நடுங்கவில்லை. அவளுக்கு எழுத வரும். பேசத்தான் வராது.

பக்கம்: பன்னிரண்டு முதல் கடைசி வரை.
இருந்தது: சரியாகத்தான் இருந்தது.
மாற்றியது: அண்ணி தொடாதே என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, யாரையும் கேட்காமல், எல்லாம்.
மாற்றியவர்: வே. கமலாட்சி.

அவள் சீட்டோடு நடைக்கு வந்தபோது காவேரி பெட்டியைக் கீழே வைத்துச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் புதிதாக வைத்திருந்தாள். தெருவில் யாரும் எதுவும் நினைத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள். கமலாட்சி சீட்டை நீட்டினாள்.

காவேரி வாங்கிக்கொண்டாள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை, அலுவலகத்தில் படிப்பதுபோல, விரல் வைத்துப் படித்தாள். ‘இருந்தது’ என்ற கட்டத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அவள் உதடு ஒரு தரம் அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று கமலாட்சி காத்திருந்தாள். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

காவேரி சீட்டை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். கமலாட்சியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் அதை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். பிறகு நடையைத் தாண்டி, தறிக்குழியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த வேணுகோபாலை, சீட்டைப் பார்க்க வேண்டியவர் அங்கே இருக்கிறார் என்பதுபோல, ஒரு தரம் பார்த்தாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

ஆனந்தகுமார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனான். அவள் ஏறிக்கொள்ளவில்லை. கிருஷ்ணவேணி தன் வாசலில் நின்று, எங்கம்மா இந்த வெயில்ல என்று கேட்டதும் கமலாட்சிக்குக் கேட்டது. மடித்த சீட்டின் முனை கையில் குத்தக் குத்த, அண்ணியின் நீலப் புடவை தெருமுனையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி மறைவதை நின்று பார்த்தாள்.